அக்காவின் கழுத்தில் நகர்ந்த கை

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை. அக்கா தொலைபேசியில் சொன்னாள். எழுதுகிறவனுக்குக் கை சும்மா இருக்குமா? முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மரங்கள் பூத்தால் ஊருக்கே சந்தோஷம், அவளுக்கு மட்டும்’

வேண்டாம். பூவில் தொடங்கினால் காதல் கதை என்று நினைத்துவிடுவீர்கள்.

அக்கா வானொலியில் செய்தி வாசிக்கிறாள். பூக்காலம் வந்தால் மகரந்தம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. அடுக்குத் தும்மல், கண்ணில் நீர், மூக்கடைப்பு. ‘மாநாடு’ என்று வாசித்தால் ‘பாதாடு’ என்று கேட்கும். போன வருடம் அவளை எழுப்பிவிட்டு இன்னொருத்தியை உட்கார வைத்தார்கள். இந்த வருடமும் அப்படியானால் வேலை போய்விடும்.

மாத்திரை போதவில்லை. யாரோ சொன்னார்கள் என்று நிணநீர் மசாஜுக்குப் போனாள்.

2

மசாஜ்காரம்மாவின் வீட்டுப் பின்னறை. உயரமான கட்டில், கண்மேல் மடித்த துண்டு. காறை எலும்புக்கு மேலே தொடங்கி, கழுத்தின் பக்கவாட்டில், காதுக்குக் கீழே, பிறகு மூக்கோரம். முகத்தில் தேங்கிய நீரை மெல்ல வழித்துவிடுவதுதான் வேலை.

“அழுத்த மாட்டேன்மா. தோலு நகந்தாப் போதும். கண்ணத் தொறக்காதீங்க.”

மூன்றாம் முறை போனபோது வாசலில் மணி அடித்தது. மசாஜ்காரம்மாவின் செருப்புச் சத்தம் முன்னறைக்குப் போனது. கதவு திறந்தது.

“தண்ணி கேனா? இப்படி ஓரமா வைங்க” என்று அங்கிருந்து அவள் குரல்.

கைகள் அக்காவின் கழுத்திலேயே இருந்தன. நிற்காமல் வழித்துக்கொண்டிருந்தன.

“கண்ணத் தொறந்து பாத்திருக்கலாமேக்கா?” என்று தொலைபேசியில் கேட்டேன்.

“மூக்கு தொறந்துக்கிட்டே வந்துச்சுடா. பாத்தா நின்னுடுமோன்னு பயம்.”

3

(இந்த இடத்தில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஓர் உதவியாளரைச் சேர்த்துப் பார்த்தேன். “அந்த வீட்ல அவங்க ஒருத்தர்தான்” என்று அக்கா ஒரே போடாகப் போட்டாள்.)

கதையில் உப்புச்சப்பு வேண்டுமே என்று ஒரு வரியை நானாகச் சேர்த்தேன்: ‘அந்த இடது கையில் சுண்டுவிரல் இல்லை.’ படித்துக் காட்டினேன்.

“எப்படிக்கா இருக்கு?”

“அத நான் உங்கிட்ட சொல்லவே இல்லியேடா.”

4

அடுத்த முறை போனபோது மசாஜ்காரம்மாவின் கைகளை உற்றுப் பார்த்தாளாம். பத்து விரல்களும் இருந்தன.

இனிப் போகாதே என்று கெஞ்சினேன். மசாஜ் ஒவ்வாமையைத் தீர்க்காது, கொஞ்ச நேரம் ஆசுவாசமாக இருக்கலாம், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றுதான் டாக்டரும் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த வாரம் முழுக்க வானொலியில் அவள் குரல் மணிபோல் ஒலித்தது. அவள் இடத்தில் வேறு யாரும் உட்காரவில்லை.

“எனக்கு வேல வேணும்டா. ஆமா, அடுத்து என்ன எழுதி வச்சிருக்க?”

“ஒண்ணும் இல்லக்கா.”

பொய். எழுதி வைத்திருந்தேன்: ‘பக்கவாட்டில் இருந்த கை மெல்லத் தொண்டைக்குழிக்கு வந்தது. பிறகு’

அங்கேயே பேனாவை மூடிவிட்டேன். வரியை அடித்தும் பார்த்தேன். அடித்துவிட்டால் எழுதாதது ஆகிவிடுமா?

இன்று மாலை மறுபடியும் போயிருக்கிறாள். இந்நேரம் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். நான் வானொலிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்; செய்திக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நான் எழுதாமல் விட்டேன், சரி. ஆனால் அந்த ‘பிறகு’வைப் படித்ததும் உங்கள் மனதில் ஏதோ ஒன்று ஓடியிருக்குமே.

நல்லதாகத்தானே நினைத்தீர்கள்?