பச்சை வண்டியின் அளவு

பதினொன்றே கால் மணிக்குத் தையல்காரர் மூன்றாவது வண்டியையும் அளந்து முடித்தார்.

கறுப்பு, பச்சை, சாம்பல். மூன்றும் தாழ்ந்த இருக்கையும் அகன்ற ஹேண்டில்பாரும் வைத்த க்ரூஸர் பைக்குகள். மூன்று ஷோரூம்கள், மூன்று விலைத்தாள்கள். தாளில் போட்டிருந்த அளவை அவர் நம்பவில்லை. ரெடிமேட் சட்டையின் கழுத்துப்பட்டி எண்ணைப் போலத்தான் அதுவும். தோளில் கிடந்த டேப்பை எடுத்து ஹேண்டில்பாரைத் தோள்போல அளந்தார், டேங்கை இடுப்புபோல. வண்டிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா என்று விற்பனையாளர் கேட்டார். துணி நீங்க கொடுத்தா தைக்கலாம் என்றார் இவர்.

கறுப்பு விலை குறைவு. ஆனால் எஞ்சின் ஓடும்போது அதன் கண்ணாடியில் விற்பனையாளரின் முகம் நாலாகத் தெரிந்தது. சாம்பலுக்கு இரட்டை சிலிண்டர், பூனை உறுமுவது போன்ற சத்தம். விலை கண்ணைக் கட்டியது. நிமிர்த்தவே இரண்டு ஆள் வேண்டும். பச்சை எல்லாவற்றிலும் நடுவில். அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்.

முடிவு அவர் கையில் இல்லை. மனைவியின் ஸ்கூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால்தான் எதையும் வாங்க முடியும். அவள் வைத்தது ஒரே நிபந்தனை: ஏறி உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும். ஓட்டப்போவது அவளும்தான். அவளுடைய உள்கால் நீளம் அவருக்கு மனப்பாடம். இருபத்தொன்பது அங்குலம்.

தையல் கடைக்குத் திரும்பி நோட்டை வெட்டுமேசையில் அவள் முன் வைத்தார். இருப்பதிலேயே தாழ்வு பச்சைதான், அதன் இருக்கையே முப்பதரை அங்குலம் என்றார். என் ஸ்கூட்டர் பிழைச்சுது என்று அவள் சிரித்தாள். கத்தரி நிற்கவில்லை.

பிறகு நின்றது. இருபது வருஷமாக அவர் அளவெடுக்க, அவள் வெட்டுகிறாள். நோட்டைத் தன் பக்கம் திருப்பி, முப்பதரையின் மேல் விரலை வைத்தாள்.

"ஏங்க, இது வெறும் அளவா, மடிப்புக்கு விட்டதும் சேர்த்தா?"

அவர் நோட்டை எட்டிப் பார்த்தார். இருக்கையிலிருந்து தரைவரை, பேன்ட்டுக்கு அளப்பதுபோலவே அளந்திருந்தார். கை தானாக ஒன்றரை அங்குலம் கூட்டி எழுதியிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு இருவரும் ஸ்கூட்டரில் போனார்கள். பச்சை வண்டி அதே இடத்தில் நின்றது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். அவர் குனிந்து, அவள் குதிகாலுக்கு அடியில் டேப்பின் நுனியை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

விற்பனையாளர் படிவம் எடுக்க உள்ளே விரைந்தார். அவள் இறங்கவில்லை. ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். நோட்டைக் கேட்டு வாங்கி வரி வரியாகப் படித்தாள். பக்கத்தைப் புரட்டி மறுபக்கத்தையும் பார்த்தாள்.

"எல்லாம் அளந்திருக்கீங்க. பின்சீட்டை மட்டும் விட்டுட்டீங்களே, நீங்க எங்க உக்காருவீங்க?"