கசந்த டீ

தம்பி மாத்திரையைத் துப்பிவிடுகிறான் என்று அக்காவுக்குச் சந்தேகம். இல்லாவிட்டால் எதற்கு இப்படிக் கூண்டுப் புலியாட்டம் நடக்க வேண்டும்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது சாதுவாகத்தான் இருந்தான். காதில் கேட்ட குரல்களும் அடங்கியிருந்தன. இப்போதோ தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் ஒரு காலர் முடிவதற்குள் எழுந்துவிடுகிறான். நிற்கும்போதும் கால் மாற்றிக் கால் மிதிக்கிறான். மாஸ்டர் மிஷின் இல்லாமலே தைக்கிறார் என்று கடைக்காரர் கிண்டலடித்தார். கூடவே, இன்னொரு சட்டை கோணினால் வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். நோய் திரும்பினால் மறுபடியும் ஆஸ்பத்திரிதான், வேலையும் போய்விடும். அன்றிலிருந்து அவன் மாத்திரை விழுங்கியதும், "வாயத் திற, நாக்கத் தூக்கு" என்று குழந்தையை மிரட்டுவது போல மிரட்டுவாள். வாயில் எதுவும் இருக்காது. அப்படியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கைகாரன், எங்கேயோ ஒளிக்கிறான். பழைய பட்டையில் மிச்சமிருந்த மாத்திரைகளைப் பொடித்துத் தினமும் அவன் டீயில் கலக்க ஆரம்பித்தாள். சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டும் கசப்பு போகவில்லை.

"டீயில என்னமோ கலக்குற" என்றான் அவன்.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்றாள். பச்சைப் பொய். சொல்லும்போது நாக்குகூடக் கூசவில்லை.

அவன் நடை கூடியது. சாப்பாடுகூட நின்றபடிதான். அவனை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். நோய் திரும்பிவிட்டது, மருந்தைக் கூட்டுங்கள், நான் டீயில் எதையோ கலக்கிறேன் என்றுகூடச் சொல்கிறான் என்று அடுக்கினாள். தம்பி அவளை ஒரு பார்வை பார்த்தான்.

டாக்டரம்மா அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மனசு பதறுதா, இல்ல காலு நிக்க மாட்டேங்குதா?"

"காலுதான். உள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. நடந்தாதான் கொஞ்சம் அடங்குது."

இது நோயில்லை, மருந்து செய்கிற வேலை, சிலரை இப்படி உட்கார விடாது என்றார் டாக்டரம்மா. அளவைக் குறைத்து, தவிப்பு அடங்க வேறொன்று கொடுத்தால் சரியாகுமாம். ஆனாலும் அவருக்கு ஏதோ இடித்தது.

"நான் எழுதினது சின்ன அளவு. அதுக்கு இவ்வளவு ஆகக்கூடாதே. வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?"

இல்லை என்று தம்பி தலையாட்டினான். கால் மட்டும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்குத் தாங்கவில்லை.

"டீ கசந்தது நெசந்தான்" என்றாள்.

டாக்டரம்மா அவளை ஒரு பிடி பிடித்தார். தம்பி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

மருந்தை மாற்றிய பிறகு கால்கள் மெல்ல மெல்ல அடங்கின. தையலும் நேரானது. கடைக்காரரின் கிண்டலும் நின்றது. டீ இன்னும் அக்காதான் போடுகிறாள். ஆனால் அவன் டம்ளரிலிருந்து முதல் வாய் அவள் குடித்தாக வேண்டும். இன்றைக்கும் குடித்தாள். அவன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாயத் திற" என்றான். "நாக்கத் தூக்கு."

அக்கா தூக்கினாள்.