செவ்வாய்க்கிழமை வந்த பாதிரியார்

செவ்வாய்க்கிழமை காலையில் பாதிரியார் தெருவில் வருவதைப் பார்த்ததும் ஹில்டா கதவைத் தாழிட்டாள். பிரான்சில் சண்டை போடப் போன பையன் செத்தால், அந்தத் தந்தியைப் பட்டாளத்தார் அவர் கையில்தான் கொடுத்தனுப்புவார்கள். அதனால் அந்த ஆஸ்திரேலிய ஊரில் ஞாயிறு தவிர வேறு நாளில் அவரைக் கண்டாலே யாருக்கும் ஆகாது.

காலடிச் சத்தம் ஹில்டா வீட்டு வாசலில் நின்றது.

"போயிடுங்க ஐயா," என்று உள்ளிருந்தே சீறினாள். "நீங்க வாயத் திறக்கிற வரைக்கும் எம்புள்ள பெர்சி உசுரோடதான் இருக்கான். ஞாயித்துக்கிழமை பிரசங்கத்தோட நிறுத்திக்கங்க."

"உங்களுக்கு இல்லம்மா." பாதிரியார் வாசலில் நின்றபடியே சொன்னார். "ஊருக்கு நான் புதுசு. மிர்ட்டில் அம்மா வீடு எதுன்னு கேக்கத்தான் நின்னேன்."

ஹில்டாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்புகூட வந்தது. சிரித்ததை நினைத்து உடம்பு கூசியது. ஜன்னல் வழியே பார்த்தாள். பக்கத்து வீட்டுச் சமையலறையில் மிர்ட்டில், மகனுக்கு அனுப்பவேண்டிய பிஸ்கட் டப்பாவைத் துணியில் பொதிந்து, ஊசி நூலால் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஹில்டா கதவைத் திறந்தாள்.

"அவ தங்கச்சி ஊருக்குப் போயிருக்கா. நாளைக்கு வாங்க," என்றாள். அவர் படியிறங்கியதும் மறுபடி கூப்பிட்டாள்.

"காலையில வேணாம் ஐயா. சாயங்காலமா வாங்க."