படுக்கையறை பிரேக்கர்

மச்சான் ஜம்புநாதனுக்கு வேட்டியை இறுக்கிக் கட்ட இளமாறனுக்கு முதல் தடவை வரவில்லை. ஃப்யூனரல் ஹோம் ஆள் உடலை ஒருக்களித்துப் பிடித்துக்கொள்ள, அவிழ்த்து மறுபடியும் கட்டினான். ஜம்புநாதன் மேல் ஒரு தீக்காயம்கூட இல்லை. புகைதான் ஆளைக் கொண்டுபோயிருந்தது.

சனிக்கிழமை காலை ரிஃபைனரியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர், வழக்கம்போலக் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, பெட்ரூம் கதவைச் சாத்திப் படுத்திருக்கிறார். அக்கா கலாவதி, மகள் வெண்பாவைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போயிருந்தாள். கட்டில் கால் விளக்கு ஒயரை எப்போதோ நசுக்கிவிட்டிருந்தது. அங்கே பொறி கிளம்பித் திரைச்சீலையில் பிடித்துக்கொண்டது. அலாரச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் 911-ஐக் கூப்பிட்டு, தீயணைப்புக்காரர்கள் வந்து கதவை உடைத்தபோது மூச்சு இல்லை.

இளமாறனுக்குப் போன வருஷத் தீபாவளி நினைவிலிருந்து போகவே இல்லை. சுகர் லேண்டில் அக்கா வீடு புதிதாகக் கட்டியது. வேக்யூம் கிளீனர் போட்டாலே பெட்ரூமில் கரண்ட் போய்விடும். அன்றைக்கு விருந்தாளிகள் வருவதற்குள் மூன்று தடவை போனது.

"எதுக்கு மாப்ள இந்தச் சனியன வெச்சிருக்கானுங்க?" என்றார் ஜம்புநாதன்.

"புது வீட்டுக்கெல்லாம் பெட்ரூமுக்கு இந்த பிரேக்கர் கட்டாயம் மச்சான், பில்டிங் சட்டத்துலயே இருக்குது. ஒயர்ல எங்கயாச்சும் பொறி வந்தா இது உடனே கட் பண்ணிரும். ஆனா ஒண்ணுமில்லாததுக்கும் விழுது."

"நீ எலக்ட்ரிகல் எஞ்சினியருதான? ஏதாச்சும் பண்ணு."

கடைக்குப் போய், பொறியைக் கண்டுகொள்ளாத சாதாரண பிரேக்கர் ஒன்றை வாங்கிவந்து, பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டான். அக்காவும் பக்கத்தில் நின்று பார்த்தாள். அதன்பிறகு ஒருநாளும் கரண்ட் போகவில்லை.

தகன அறையில் எரியூட்டும் பொத்தானை அக்காவே அழுத்தினாள்.

மறுநாள் காலை தீயணைப்புத் துறையிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். கராஜில் பிரேக்கர்கள் இருக்கும் பேனலைத் திறந்து, டார்ச் அடித்து வரிசையாகப் பார்த்தார். மற்ற பெட்ரூம் பிரேக்கர்களில் சின்னதாக ஒரு டெஸ்ட் பட்டன் இருந்தது. எரிந்த அறையின் பிரேக்கரில் மட்டும் அது இல்லை. வீடு கட்டியபோது போட்டது இதுவல்ல, யார் மாற்றியது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என் ஹஸ்பண்ட்" என்றாள் கலாவதி.

அவர் எழுதத் தொடங்கினார். இளமாறன் அக்காவைப் பார்த்தான். அவள் பேனலையே பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னாள்:

"அடுத்த மாசம் உனக்கு கிரீன் கார்டு இன்டர்வியூ. உன் பேரு இதுல வரக்கூடாது, பேசாம நில்லு. அவருக்கு இனி என்ன ஆயிரப் போவுது."

அவன் பேசாமல்தான் நின்றான். அந்த மனிதர் எழுதி முடித்து, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். கராஜ் கதவைத் தாண்டி வெளியே இரண்டடி வைத்தும்விட்டார்.

"சார், அது நான்" என்றான் இளமாறன். "அவர் இல்ல. நான்தான் மாத்தினேன்."

அவர் திரும்பி வந்து எழுதியதை அடித்தார். பெயரின் எழுத்துகளைக் கேட்டார். இளமாறன் ஒவ்வொன்றாகச் சொன்னான். எப்போது, ஏன் என்று கேட்டதற்கும் சொன்னான். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, ரிப்போர்ட் வர ஆறு வாரம் ஆகும், அறையை இனி நீங்கள் காலி செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

கலாவதி பேனலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத மாத்தாம இருந்திருந்தா பொழச்சிருப்பாராடா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை அதுதான் வந்தது.

"பெரும்பாலும் பொழச்சிருப்பாருக்கா."

அவள் தலையை ஆட்டினாள். உள்ளே போனாள். இளமாறன் பேனலை மூடினான். அவள் திரும்ப வரமாட்டாள் என்றுதான் நினைத்தான். கார்ச் சாவியைக் கையில் எடுத்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மாறா, இங்க வா. நாளைக்கு குப்பை எடுக்கறாங்க."

பெட்ரூமில் அவள் மெத்தையின் கரி பிடித்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தண்ணீர் குடித்து ஊறிய மெத்தை. அவன் மறுமுனையைப் பிடித்தான். நடைவழியின் திருப்பத்தில் அது சுவரில் முட்டி நின்றது.

"உன் பக்கம் கொஞ்சம் தூக்கு" என்றாள்.

தூக்கினான். இரண்டு பேரும் பக்கவாட்டில் அடிமேல் அடி வைத்து, அதை வாசல் வழியாகத் தெருவோரத்துக்குக் கொண்டுபோனார்கள்.