கறுப்புப் பிறை விழுந்த காசு

“இதென்ன, பாதி பச்சை, பாதி கறுப்பு?”

“இதுக்கு மேல இன்னொரு காசு ஒட்டிக் கெடந்தீக்கி, ருஷ்தா. அது மூடின எடம் கறுத்துப் போச்சு. மூடாத எடத்துல பச்சைக் களிம்பு பிடிச்சீக்கி.”

“அப்ப அந்த மத்தது எங்க?”

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது என்று ருஷ்தா இப்போது நினைத்தாள். அம்பிட்டியவில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் மண்மேட்டை, சமைக்கிற குசினியைப் பெரிதாக்க வெட்டியபோது கிடைத்த செப்புக்காசு அது. இராசாக்கள் காலத்தது. புளி போட்டுத் தேய்த்துத் தரட்டுமா என்று அவள் கேட்டதும் கணவன் ஷிராஸ் பதறிப்போய் அதைச் சட்டைப்பைக்குள் ஒளித்தான். “களிம்புதான் இதுக்கு உசிரு. தேய்ச்சா வெறும் தகரம்” என்று சொல்லி, பிறகு அவள் கன்னத்தைத் தட்டிச் சிரித்தான். டவுனில் துணிக்கடை வைத்து நாலு பேரை மேய்க்கிற மனிதன், பழங்காசைக் கண்டால் மட்டும் சின்னப்பிள்ளை. அந்தச் சிரிப்புக்காகவே அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

வெட்டிய மேட்டுக்கு உடனே அணைச்சுவர் கட்டியிருக்க வேண்டும். ஆனால் கொத்துவேலை பாஸைக் கூப்பிட்டால் மண்ணுக்குள் இருப்பதை அவரும் காண்பார். புதையல் என்ற பேச்சு பொலிஸ் வரை போகும். அதனால் சுவர் தள்ளிப் போனது. கடை பூட்டி வந்ததும் ஷிராஸ் தானே அலவாங்குக் கடப்பாரையோடு மற்றக் காசைத் தேடித் தோண்ட இறங்கினான். மேட்டின் அடிவாரம் நாளாக நாளாக வாய் பிளந்தது. மழைக்காலமும் வந்து சேர்ந்தது. குசினிச் சுவரில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு. ருஷ்தா அதன்மேல் கலண்டரைத் தொங்கவிட்டாள். வெடிப்பு கலண்டரையும் தாண்டிக் கீழே இறங்கியது. சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை நெருங்குவாள். சேறு பூசிய முகத்தில் அவன் கண்கள் மின்னுவதைக் கண்டால் தேத்தண்ணிக் கோப்பையை மட்டும் நீட்டிவிட்டுத் திரும்பிவிடுவாள்.

இன்றைக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகும் மழை விடவில்லை.

“உம்மா, கதவு தொறக்குதில்ல” என்று அறைக்குள்ளிருந்து மின்ஹா கத்தினாள். ருஷ்தா தோளால் முட்டித் திறந்தாள். காலையில் சரியாக இருந்த கதவுதான், நிலை சரிந்திருந்தது. மகளை முன்வாசலில் உட்காரவைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். மேட்டிலிருந்து எப்போதும் தெளிவாக வழியும் ஊற்றுத்தண்ணி, பால்தேத்தண்ணி நிறத்தில் வந்துகொண்டிருந்தது. மேலே நின்ற கொய்யாமரம் கூரைப்பக்கம் சாய்ந்திருந்தது.

ஷிராஸ் குழிக்குள்ளிருந்து தவழ்ந்து வந்தான். “கெடச்சிட்டுது.”

இரண்டு காசையும் பக்கம் பக்கமாக உள்ளங்கையில் வைத்தான். ஒன்றில் இருந்த கறுப்புப் பிறை அப்படியே மற்றதிலும் இருந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள் ருஷ்தா. “முடிஞ்சிதே.”

அவன் புதிய காசைத் திருப்பினான். அதன் மறுபக்கத்தில், வேறொரு ஓரத்தில், இன்னொரு கறுப்புப் பிறை.

“எங்க முடிஞ்ச? இதுக்குக் கீழயும் ஒண்டு கெடந்தீக்கி, பாருங்க. உள்ளுக்கு ஒரு குவியலே ஈக்கும்.”

அலவாங்கை எடுத்தான். மேட்டுக்குள் எங்கோ, துணி கிழிவதுபோல, வேர்கள் அறுந்தன. அவனுக்கு அது கேட்கவில்லை. ருஷ்தா அலவாங்கின் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“போட்டுட்டு வாங்க, ஷிராஸ். காசையும் போடுங்க. புள்ளையத் தூக்கிட்டு இப்பவே இந்த வீட்ட உட்டு எங்களோட வாங்க.”