சேற்றுப் படம் போட்ட நோட்டீஸ்

கோச்சக்காவுக்குப் பகலில் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர் வேலை. மாலையானால் மைதானத்துக்கு வந்து பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பாள்; அந்தக் ‘கோச்’ வேலையால்தான் எல்லோருக்கும் அவள் கோச்சக்கா. அந்தப் பிள்ளைகள் முதன்முறையாக வெளியூர்ப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தார்கள். போய்வர வண்டி பிடிக்க அவர்களுடைய விளையாட்டுச் சங்கத்தில் பணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கார் கழுவி நிதி திரட்டலாம் என்று பிள்ளைகளே யோசனை சொன்னார்கள்.

நோட்டீஸ் எழுதும் பொறுப்பைச் சங்கத்தின் பொருளாளர் ஏற்றுக்கொண்டார். சங்கம் பிறந்த கதை, நிர்வாகிகளின் பெயர்கள், விளையாட்டால் உடலுக்கும் உள்ளத்துக்கும் விளையும் நன்மைகள் என்று பொடி எழுத்தில் தாள் நிரம்பி வழிந்தது. கார் கழுவும் விஷயம் அடியில் எங்கோ ஒண்டிக்கொண்டிருந்தது.

கடைத்தெருவில் அதைக் கொடுத்துவிட்டு வந்த கோல்கீப்பர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள். பந்தை உள்ளே விடவே மாட்டாள் என்பதால் அவளுக்குச் ‘சுவரு’ என்று பட்டப்பெயர்.

“எல்லாரும் வாங்கிக்கிறாங்க கோச்சக்கா. ஆனா குப்பைத்தொட்டி வரைக்கும்தான் கொண்டுபோறாங்க.”

மறுநாள் கோச்சக்கா தானே கடைத்தெருவுக்குப் போனாள். யாரோ போல நடந்து வந்து சுவரிடம் ஒரு நோட்டீஸ் வாங்கினாள். நடந்துகொண்டே படித்தாள். என்றைக்கு, எதற்கு என்று கண்டுபிடிப்பதற்குள் பழ வண்டியில் போய் மோதினாள்.

“என்னம்மா, அப்படி என்னதான் எழுதியிருக்கு?” என்றார் பழக்காரர், உருண்ட ஆரஞ்சைப் பிடித்தபடி.

“அதைத்தாண்ணா நானும் தேடிக்கிட்டிருக்கேன்.”

அங்கிருந்து நேராகத் தம்பி வேலை பார்க்கும் அச்சகத்துக்குப் போனாள். கணினி முன் அவன் உட்கார, பின்னால் நின்றுகொண்டு, “இதை வெட்டு, அதையும் வெட்டு” என்றாள்.

“அக்கா, நீ விட்டா வெறும் தாளைத்தான் அடிக்கணும்.”

“வெறும் தாள் இல்லடா. இந்தப் படத்தைப் போடு.”

மழையில் ஆடிய ஆட்டம் முடிந்ததும் எடுத்த படம் அது. பிள்ளைகள் தலை முதல் கால் வரை சேறு. பல்லும் கண்ணும் மட்டும் வெள்ளை. அதன் மேலே கொட்டை எழுத்தில், ‘எங்களைப் பார்த்துப் பயப்படாதீங்க. உங்க காரை நல்லாவே கழுவுவோம்!’ கீழே, ‘ஞாயிறு காலை. வெளியூர்ப் போட்டிக்குப் போக எங்களுக்கு உதவுங்க.’ அவ்வளவுதான்.

பொருளாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். “என் பேரு எங்கம்மா?”

“பேரைப் போட்டா பிள்ளைங்க முகம் மறையுது சார்.”

“முகம் எங்க தெரியுது இதுல? சேறுதானே தெரியுது!” என்றவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இந்த முறை தெருவில் போனவர்கள் நின்றார்கள், சிரித்தார்கள். “இதுல நீ யாரு?” என்று சுவரிடம் கேட்டார்கள். இரும்புக்கடைக்காரர் ஒன்றைக் கேட்டு வாங்கித் தன் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். கட்டு கட்டாக இருந்ததெல்லாம் தீர்ந்துபோனது.

சனிக்கிழமை காலை, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்த ஒரு அம்மா பையிலிருந்து அதே நோட்டீஸை எடுத்தார். “படம் நல்லாருக்கு. ஆனா எங்கம்மா வரணும்? இடமே போடலியே?”

கோச்சக்கா நோட்டீஸை வாங்கி மேலும் கீழும் தேடினாள். வெட்டு வெட்டு என்றதில் இடமும் சேர்ந்து போயிருந்தது. போன் நம்பர்கூட இல்லை. திரும்ப அடிக்கவும் வழியில்லை. அச்சகத்துக்கு அன்று விடுமுறை.

மாலையில் பிள்ளைகளிடம் உடைத்துச் சொன்னாள். “தப்பு என்னோடதுதான். இப்ப என்ன பண்றதுன்னு தெரியல.”

சுவர்தான், “படத்துல இருக்கிற மாதிரியே போய் நின்னா?” என்றாள்.

ஞாயிறு காலை பாதிப் பேர் வாளியும் துணியுமாகத் தயாரானார்கள். மீதிப் பேர் மைதானத்து ஓரப் பள்ளத்தில் ஆசை தீரப் புரண்டார்கள். அம்மாக்கள் தலையில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பிறகு கடைத்தெருவிலிருந்து மைதானம் வரை ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சேற்றுப் பிள்ளை கை நீட்டி வழி காட்டியது.

“ஏய், நோட்டீஸ்ல இருந்த புள்ள!” என்று கார்கள் வேகம் குறைத்துத் திரும்பின. வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. ஆள் போதாமல் பொருளாளரே பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வாளி தூக்கினார்.

மதியம் ஒரு குப்பை லாரி உள்ளே வந்து நின்றது. எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

“லாரி வரக்கூடாதுன்னு நோட்டீஸ்ல போடலியே?” என்றார் டிரைவர்.

பிள்ளைகள் கூச்சலிட்டபடி அதன் மேல் ஏறினார்கள். கழுவி முடித்தபோது டிரைவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். “இது என் வண்டிதானா?”

கடைசி கார் போனதும் பொருளாளர் தொண்டையைக் கனைத்தார். “வண்டிக்கு ஆச்சு. போற வழியில சாப்பாட்டுக்கும் ஆச்சு.”

அடுத்த நொடி சேறும் சோப்புமான கைகளோடு அணி முழுவதும் அவரைக் கட்டிப்பிடிக்கப் பாய்ந்தது. “வேண்டாம்! வெள்ளைச் சட்டைம்மா!” என்று அவர் மைதானத்தைச் சுற்றி ஓடினார். அந்த வயதில் அவ்வளவு வேகமாக அவர் ஓடுவார் என்று கோச்சக்கா நினைக்கவேயில்லை.