கல்லுக்கு ஏறிய எடை

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் தொடங்கியது, கண்ணுகளா. எங்கள் ஊர் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் போயிருந்தேன். அன்று கைக்குழந்தைகளுக்கு எடை போடும் நாள். கொக்கியில் தொங்கிய தராசின் தூளியில் ஓர் அம்மிக்குழவி படுத்திருந்தது. "இது யாருங்க பெத்த புள்ள?" என்று கேட்டுச் சிரித்தேன். அங்கிருந்த தாய்மார் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

(எங்கள் பக்கம் தொட்டிலில் முதன்முதல் பிள்ளையைக் கிடத்தும் முன் குழவிக்கல்லைப் போட்டு ஆட்டுவது வழக்கம். வருகிற கண்ணேறு கல்லோடு போய்விடுமாம். நிறுத்தால் பிள்ளை வளராது என்ற பயத்தில், அந்த வழக்கத்தைத் தராசுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.)

நான் கண்டது அவ்வளவுதான். மீதியை நானாகக் கட்டினேன். இப்போது அது என் பேச்சைக் கேட்பதில்லை.

2

முதலில் இப்படி எழுதினேன்: 'புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே ஓர் ஊரில் அகல்யா என்றொரு' — வேண்டாம், ஆறிப்போன சோறு மாதிரி இருக்கிறது.

பிறகு: 'கல் வளர்ந்த அன்று' — இவ்வளவு சீக்கிரம் சொல்லிவிடக் கூடாது.

சரி, நேராகவே வருகிறேன். அகல்யா அங்கன்வாடி டீச்சர். மாதாமாதம் பிள்ளைகளை நிறுத்து, எடையைச் செல்போனில் ஏற்றுவது அவள் வேலை. பிள்ளை தேறினால் பச்சை விழும்; இளைத்தால் மஞ்சள்; ஆபத்தென்றால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வரும். பச்சை விழுந்த பிள்ளையைத் தேடி யாரும் வருவதில்லை.

போன மாதம் கோகிலவாணியின் மகள் மதுமதிக்குச் சிவப்பு விழ இருந்தது. கோகிலவாணி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க டீச்சர், செவப்பு போட்டுராதீங்க. மூத்தவன அந்த வண்டிலதானுங்க ஏத்துனோம். திரும்பி வந்தது நானும் துணிப்பையுந்தான்."

"வேற என்னத்தப் போடறது கோகிலா?"

"கல்லோட எடையப் போடுங்க. அதும் எம்பட ஊட்டுக் கல்லுதானுங்க."

"நல்லா இருக்குது! அடுத்த மாசம் அதுக்கு மொட்டையடிச்சுக் காது குத்தோணும்பே."

ஒரு மாதம்தானே, சத்துமாவு கூடுதலாகக் கொடுத்துத் தேற்றிவிடலாம் என்று நினைத்தாள் அகல்யா. போட்டாள். பச்சை.

(ஒரு டீச்சர் இப்படிச் செய்வாளா? எனக்கே நம்பிக்கையில்லை. அடித்து அடித்து எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவள் விரல் அங்கேயே போய் நின்றது.)

3

இந்த மாதமும் வழக்கப்படி கல்தான் முதலில். தராசின் முள் போன மாதம் நின்ற இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. அகல்யா தராசைத் தட்டினாள். ஒரு கிலோ சத்துமாவுப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தாள். ஒரு கிலோதான் காட்டியது. மறுபடி கல்லை வைத்தாள். தேறுகிற பிள்ளை ஒரு மாதத்தில் எவ்வளவு ஏறுமோ, அவ்வளவு ஏறியிருந்தது.

பிறகு மதுமதியைத் தூளியில் இட்டாள். முள் அசையவே யோசித்தது. பிள்ளை அழவில்லை.

"பாத்தீங்களா டீச்சர், தேறிட்டா எஞ்சாமி," என்றாள் கோகிலவாணி. அவள் கண் தூளிப்பக்கம் போகவேயில்லை.

"கோகிலா, இங்க பாரு. புள்ளையத் தூக்கிப் பாரு, பஞ்சாட்டம் இருக்கறா."

"ரெண்டையும் எப்படிங்க டீச்சர் தூக்கறது?"

கல் அவள் இடுப்பில் இருந்தது.

4

ஒரு முடிவு: அகல்யா உள்ளதை உள்ளபடி போடுகிறாள். சிவப்பு. வண்டி வருகிறது. கோகிலவாணி ஏறுகிறாள், மடியில் — அந்த மடியில் என்ன இருக்கிறது என்று என் பேனா எழுத மறுக்கிறது.

இன்னொன்று: மறுபடியும் கல்லின் எடை. பச்சை. மேலிடத்தார் வந்து, வட்டாரத்திலேயே நன்றாகத் தேறிய பிள்ளையைக் காட்டச் சொல்கிறார்கள். கோகிலவாணி சிரித்தபடி துணியை விலக்க (அடித்துவிட்டேன். அடித்த பிறகும் தாலாட்டு கேட்டுக்கொண்டிருந்தது.)

5

அகல்யா செல்போனும் கையுமாக நிற்கிறாள். எண் போட வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது. வாசலில் கோகிலவாணி, கல்லின்மேல் முந்தானையை மூடிக்கொள்கிறாள்.

"சுருக்காப் போடுங்க டீச்சர். பசியாத்தோணும்."

போன மாதம் முழுக்க அவள் யாருக்குப் பால் கொடுத்தாள் என்பது அகல்யாவுக்கு இப்போதுதான் உறைக்கிறது. எனக்கும்தான்.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன், கண்ணுகளா. எழுதினால் கோகிலவாணி கல்லோடு வீடு போய்ச் சேர்ந்துவிடுவாள். எண்ணை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். பிள்ளை இன்னும் தூளியிலேயே கிடக்கிறது. உங்களில் யாராவது ஒருத்தர் முதலில் அதைத் தூக்குங்கள்.